குப்புறக் கிடந்த மௌனம்

எங்கள் வீட்டில் தண்ணீருக்குக் குறையே கிடையாது, டாக்டர். முக்கூடலில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் தாமிரபரணி ஓடுகிறது. புறவாசல் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் கிடக்கும். போதாததற்கு என் கணவர் அம்பலவாணன் காலமெல்லாம் பம்புசெட் விற்றவர். அவர் தண்ணீர் கேட்டு நான் இல்லை என்று சொன்னது ஒரு நாளும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கேள்விகள் இரண்டுமே நியாயமானவை. கல்லை எடுத்த கிட்னியில் மூன்றே வருடத்தில் இஞ்சித் துண்டு மாதிரி கிளைவிட்ட கல் மறுபடி எப்படி வளர்ந்தது? அவருடைய இடுப்பில் ஒரு கோளாறும் இல்லாதபோது இருக்கிறது என்று ஏன் சொன்னோம்? வராந்தாவில் அவர் கிரேஸி சிஸ்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அதனால் நமக்கு நேரம் இருக்கிறது.

அவர் நல்ல மனிதர். குடி இல்லை, கை நீட்டியதில்லை. பேசுவார், அவ்வளவுதான். செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்வார். "சட்டையப் போடுதேன், பொத்தான் ஒண்ணு லூசா இருக்கு, பொறவு தைக்கணும்." இட்லியைப் பிட்டால் அது எப்படிப் பிட்டது என்று சொல்வார். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் அவர் அழைத்தால் ஃபோனை மேசையில் வைத்துவிட்டுத் துணி மடிப்பாள். கடை இருந்தவரை அந்தப் பேச்சை விவசாயிகள் பங்குபோட்டுக்கொண்டார்கள். கடையை விற்றபின் மொத்தமும் எனக்கே வந்தது.

நான் படிக்கிறவள். பெரிய படிப்பில்லை, கதைப்புத்தகங்கள்தான். ஆனால் ஒரு பக்கம் முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும் எனக்கு. புத்தகத்தில் எனக்குப் பிடித்ததே அந்த இடம்தான். அவர் அந்த இடத்தில் சரியாக வந்து நிற்பார். "ஏட்டி நாயகி, யாரு செத்தா? ஏன் செத்தான்? போலீஸ் வந்தாச்சா?" நான் சொல்வேன். சொன்னபின் அந்தப் பக்கம் என்னுடையதாக இருக்காது.

முதல் ஆபரேஷன் அன்று வெளிப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எப்படிப் படுக்க வைப்பார்கள் என்று கிரேஸி சிஸ்டரிடம் கேட்டேன். உவரிக்காரப் பெண், எதையும் கையால் செய்துகாட்டித்தான் சொல்வாள்.

"மயக்கம் குடுத்துட்டு குப்புறக் கவுத்திப் போட்டுருவோம்மா. நெஞ்சுக்கு ஒரு தலகாணி, இடுப்புக்கு ஒரு தலகாணி. மூஞ்சி மெத்த வளையத்துக்குள்ள. கண்ணுக்கு ஒட்டு. வாயில கொழாய். பொறவுதான் டாக்டர் முதுகுல தொள போடுவாரு."

"பேச முடியாதா?"

"வாயில கொழாய் இருக்குன்னு சொல்லுதேன். எப்படிம்மா பேசுவாவ?"

அவள் போனபின் கதவு சாத்தப்பட்டது. நான் புத்தகத்தைத் திறந்தேன். அன்றைக்குக் கிடைத்தது என்னவென்று உங்களுக்கு விளக்க முடியுமா என்று தெரியவில்லை. வீட்டில் அவர் தூங்கும்போதும் பேசுவார். வெளியூர் போனால் ஃபோனில் பேசுவார். ஆனால் அங்கே ஒரு கதவுக்கு அப்பால் அவர் குப்புறக் கிடந்தார். பத்திரமாக, நல்லவர்கள் கையில், ஒரு சொல்லும் இல்லாமல். நான் அவர்மேல் அப்போது வைத்திருந்த அன்பைக் கல்யாணமான புதிதில்கூட வைத்ததில்லை. பாதி நாவல் படித்தேன். பக்கங்களுக்கு நடுவே சும்மா இருந்தேன்.

நீங்கள் வெளியே வந்து, கல்லை எடுத்தாகிவிட்டது, மூலையில் கடுகளவு ஒரு துணுக்கு மட்டும் இருக்கிறது, நிறையத் தண்ணீர் குடித்தால் போய்விடும் என்றீர்கள். உப்பைக் குறைக்கச் சொன்னீர்கள். எலுமிச்சைச் சாறு கொடுக்கச் சொன்னீர்கள். இல்லாவிட்டால் இந்தக் கடுகே மறுபடி வளரும் என்றீர்கள். நீங்கள் அதை எச்சரிக்கையாகத்தான் சொன்னீர்கள். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

நான் தண்ணீரை ஒளித்துவைக்கவில்லை. செம்பு நிறைய அடுப்படியில் எப்போதும் இருந்தது. கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது அவருக்கு நா வறளும். எழுந்திருப்பார். நான் புத்தகத்தை மூடிவிட்டு, "பொறவு?" என்பேன்.

அவ்வளவுதான் செய்தேன்.

வாழ்நாளில் யாரும் அவரிடம் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. அவர் உட்கார்ந்துவிடுவார். முகம் மலர்ந்துவிடும். மோட்டார் கதை, மோட்டாரை வாங்கியவன் கதை, அவன் மச்சான் கதை. மறுபடி எழுந்திருப்பார். "பொறவு?" தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் வறுத்து வைப்பேன். அவருக்கு அது பிடிக்கும். கடைத்தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்: "என் பொஞ்சாதி இப்பத்தாம்வே நான் சொல்லுதத காது குடுத்துக் கேக்கா. வயசானாத்தான் பொம்பளைக்கு அருமை தெரியும்." அந்த மூன்று வருடமும் அவர் இருந்தது போல மகிழ்ச்சியாக நான் எந்த மனிதரையும் பார்த்ததில்லை. நான் ஒரு புத்தகம்கூட முடிக்கவில்லை. ஒருநாள் காலை மூன்று மணி நேரம் அமைதியாக உட்காருவதற்காக மூன்று வருடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கணக்கு உதைக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன்.

கல் வந்தது. வலி வந்தது. உங்களிடம் வந்தோம். நீங்கள் புதிதாக ஒரு முறை கற்றுவந்திருப்பதாகச் சொன்னீர்கள். குப்புறப் போட வேண்டாம், மல்லாந்து படுக்க வைத்து, ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி லேசாகச் சாய்த்துக்கொள்ளலாம், முதுகுத்தண்டில் ஊசி போதும், அவர் விழித்தே இருக்கலாம், அவருடைய வயதுக்கும் உடம்புக்கும் அதுதான் பாதுகாப்பு என்றீர்கள். பிறகு சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி எங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கலாம்" என்றீர்கள்.

யோசித்துப் பாருங்கள், டாக்டர். கதவுக்கு அப்பால் அவர் பேசிக்கொண்டிருப்பார். நீங்கள் பதில் சொல்வீர்கள். வெளியே கேட்கும்.

அவரால் ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி மல்லாந்து சாய்ந்து படுக்க முடியாது, கடையில் மோட்டார் விழுந்து இடுப்பு போய்விட்டது, குப்புற மட்டும்தான் படுப்பார் என்று சொன்னேன். நீங்கள் அவரிடமே கேட்டீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. அந்த மோட்டார் உண்மையில் விழுந்தது கால் கட்டைவிரலில். நான் ஒவ்வொரு முறை "பொறவு?" என்று கேட்கும்போதும் காயம் கொஞ்சம் மேலே ஏறியது. முதல் வருடம் கணுக்கால், அடுத்த வருடம் முழங்கால். உங்களிடம் சொல்லும்போது இடுப்பு நொறுங்கி, கட்டிலோடு கிடந்து, ஊரே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. சொல்லச் சொல்ல அவரே கண் கலங்கினார். நீங்களும் பழைய முறைக்கே ஒத்துக்கொண்டீர்கள்.

இரண்டாவது ஆபரேஷன் அன்று பெஞ்சில் என் பக்கத்தில் மேலப்பாளையத்து நூர்முகம்மது இருந்தார். தங்கையின் ஆபரேஷனுக்கு வந்தவர். அதிகம் பேசாதவர். நல்ல துணை. நான் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு அத்தியாயம் முடிய நாலைந்து பக்கம் இருந்தபோது உள்ளே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பச்சை உடுப்பில் ஒருவர், "அம்பலவாணன்கூட வந்தது யாரு? ரத்தம் வேணும், சீக்கிரம் வாங்க" என்று கூப்பிட்டார்.

நான் படித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டேன். எழுந்தால் அந்த அமைதி முடிந்துவிடும் என்று தெரிந்தது.

மறுபடி கூப்பிட்டார். நூர்முகம்மது என் பக்கம் திரும்பினார். "யம்மா, ஒங்களத்தான கூப்பிடுதாவ?"

"இல்ல. அது வேற அம்பலவாணன்."

"அப்படியா. பாவம், அந்த மனுசனுக்கு நாதி இல்ல போலுக்கு" என்று சொல்லிவிட்டு, "நான் குடுக்கேன், வாங்க" என்று சட்டைக்கையை மடக்கிக்கொண்டே அவர் போனார். அவர் ரத்தம் என் கணவருக்குச் சேர்ந்தது. அதற்குள் நீங்கள் குப்புறக் கிடந்தவரை அவசரமாக நிமிர்த்தி, வயிற்றைக் கீறி, கசிவை நிறுத்த வழியில்லாமல் இடது கிட்னியையே எடுத்திருந்தீர்கள். நிமிர்த்தியபோது இடுப்பு சின்னப் பையனுக்கு வளைவது போல வளைந்தது என்று சொன்னீர்களே, அது சரிதான்.

நான் அந்த அத்தியாயத்தை முடித்திருந்தேன். முடித்தபின் சும்மா இருக்கக் கொஞ்சம் நேரமும் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து நூர்முகம்மது, தான் ரத்தம் கொடுத்த ஆளைப் பார்க்க வாழைப்பழத்தோடு வார்டுக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் நான் இருந்தேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பழத்தை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். நான் அறிந்த மௌனங்களில் அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் கணவர் இப்போது எல்லோரிடமும் சொல்கிறார்: "என் ஒடம்புல மேலப்பாளையத்து ரத்தம்லா ஓடுது."

வீட்டுக்கு வந்த புதிதில் அவர் பேசவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பார். குப்புறக் கிடக்கிறவரின் மௌனம் வேறு, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் மௌனம் வேறு. வீடு முழுக்க எனக்கு வேண்டிய அமைதி இருந்தது. ஒரு வரி படிக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. செய்தது தப்பென்று அன்றே உணர்ந்துவிட்டேன். மோர்மிளகாயை நிறுத்தினேன். செம்பைக் கூடத்துக்கே கொண்டுவந்து அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். மிச்சமிருக்கும் வலது கிட்னியை எப்படிப் பாதுகாப்பது என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நேற்று அவர் பழையபடி பேச ஆரம்பித்தார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இவர் மேலப்பாளையத்துக்கு நூர்முகம்மதுவைப் பார்க்கப் போயிருந்தாராம். அவர் இவரைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்து, பெஞ்சில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றாராம். அவ்வளவு சொன்னதும் இவருக்கு நா வறண்டது. "இரு நாயகி, ஒரு மடக்கு தண்ணி குடிச்சுக்கிடுதேன்" என்று செம்பை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"பொறவு?" என்றேன். இந்த முறை நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், டாக்டர்.

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.