காற்றுப்பக்கம்

சைக்கிளில் போகிறவருக்கு எதிர்காற்றைவிடப் பக்கக்காற்றுத்தான் பொல்லாதது. எதிர்காற்று ஆளைக் களைக்கப் பண்ணும், அவ்வளவுதான். பக்கக்காற்று ஆளைச் சாயப் பழக்கும்.

அதிபர் அரியநாயகம் ஐயா, வீதிப் பாதுகாப்பு வாரத்துக்கு இந்த முறையும் நான்தான் பிள்ளைகளுக்குப் பேசவேண்டும் என்று கடிதம் அனுப்பியிருந்தீர்கள். பேச்சை முன்கூட்டியே எழுதித் தந்தால் பள்ளி மலரில் போடலாம் என்றும், கூட்டத்தின் முடிவில் எனக்குப் பொன்னாடை போர்ப்பதாகவும் அதில் இருந்தது. எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் நாலு வரியை எழுதியதும் மிச்சத்தையும் எழுதிவிடுவதே ஒழுங்கு என்று பட்டது. இதை மலரில் போடுவதா பொலிசில் கொடுப்பதா என்பதை வாசித்து முடித்தபின் நீங்களே தீர்மானியுங்கள்.

இருபத்திரண்டு வருடமாக யாழ்ப்பாணத்துக்கும் குறிகட்டுவான் படகுத்துறைக்கும் இடையில் மினிபஸ் ஓட்டுகிறேன். பட்டணத்துக்குள் என்னைப்போலப் பொறுமைசாலியைக் காண்பது அரிது. ஆஸ்பத்திரி வீதியில் நாலு சைக்கிள் பக்கத்துப் பக்கத்தில் கதைத்துக்கொண்டு போகும். மீன்பெட்டி கட்டிய சைக்கிள் சட்டென்று குறுக்கே வெட்டும். ஓட்டோக்காரன் நடுத்தெருவில் நின்று சில்லறை மாற்றுவான். நான் ஹோர்னில் கை வைக்கமாட்டேன். தெரு என்பது சந்தை மாதிரி, எல்லாரும் உரசிக்கொண்டுதான் போகவேண்டும் என்று கொண்டக்டர் கிறிஸ்ரிக்குச் சொல்வேன். அங்கே கட்டிடங்கள் காற்றை மறித்துவிடும். உரசினாலும் ஒருவரும் விழுவதில்லை.

வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவுக்குப் போகும் கடற்பாலம் அப்படியல்ல. இரண்டு பக்கமும் கடல். இரண்டு வாகனம் மட்டுமட்டாக விலகக்கூடிய அகலம். தாரின் ஓரம் உடைந்து, அதற்கப்பால் கல்லும் குறுணியும் சரிந்து தண்ணீருக்குள் இறங்கும். ஆடி மாதத்தில் கச்சான் காற்று மேற்கிலிருந்து குறுக்கே அடிக்கும். வேலணையிலிருந்து வருகிறவருக்கு அது வலப்பக்கக் காற்று. சைக்கிளில் போகிறவர் தன்னை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து, காற்றில் தோளைக் கொடுத்து மிதிப்பார். அந்த நேரம் ஒரு பஸ் வலப்பக்கமாக முந்தினால் காற்று திடீரென்று இல்லாமல் போகும். சாய்ந்த உடம்பு சாய்ந்தபடியே பஸ்ஸின் பக்கம் வந்துவிழும். பஸ் தொடவே தேவையில்லை.

இது பட்டணத்து றைவர்மாருக்குத் தெரியாது. எங்கள் பாதையில் ஓடுகிற எல்லாருக்கும் தெரியும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பாலம் தொடங்கும் இடத்தில் சின்ன வைரவர் கோயில் உண்டு. அங்கே பஸ்ஸை நிறுத்துவோம். கிறிஸ்ரி இறங்கிக் கற்பூரம் கொளுத்திவிட்டு ஏறுவான். அவன் வேதக்காரன், இருந்தாலும் அவனைப்போல வைரவருக்குப் பயந்தவனை நான் கண்டதில்லை. சூலத்தில் கட்டிய சிவப்புத் துணியைப் பார்த்தால் காற்றின் பலம் தெரியும். பிறகு பாலத்தில் சைக்கிளைக் கண்டால் இரண்டு ஹோர்ன் அடிப்போம். சைக்கிள்காரர் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். நாங்கள் போனபின் ஏறுவார். காலம் காலமாக அப்படித்தான்.

அந்த வழக்கத்தைச் சுலோஜனா ரீச்சர்தான் முறித்தார்.

நீங்கள் அப்போது இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. மண்டபத்தில் மாலை போட்ட அவருடைய படத்தைத்தான் உங்களுக்குத் தெரியும். புங்குடுதீவு மடத்துவெளியில் வீடு. கணிதம் படிப்பித்தார். முன்கூடையில் கொப்பிக்கட்டு, அதற்குமேல் குடை, பெரிய வட்ட மணி பூட்டிய நீலச் சைக்கிள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஹோர்னுக்கு இறங்கப்போய்க் குறுணியில் வழுக்கிக் கல்லில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். அடுத்த நாளிலிருந்து ரீச்சர் பள்ளி விட்டதும் பாலத்தால் வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் ஒரே வரிசையில் தனக்குப் பின்னால் விட்டுக்கொண்டு போகத் தொடங்கினார். நான் இரண்டு ஹோர்ன் அடித்தேன். ஒருவரும் இறங்கவில்லை. நாலு ஹோர்ன் அடித்தேன். அவர் இடக்கையை உயர்த்தி, பொறு என்று காட்டினார்.

பாலம் முடிந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்திக் கேட்டேன்.

"ரீச்சர், படகுக்கு நேரம் போகுது. ஆக்கள் நயினாதீவுக்குப் போகோணும்."

"ஓம் அண்ணை, விளங்குது. ஆனா நான் இறங்கினா இந்தப் பன்ரண்டு பிள்ளையளும் அந்தக் கல்லில இறங்கோணும். அது ஏலாது."

"காத்து அடிக்குது ரீச்சர்."

"காத்து அடிக்கிறபடியாத்தான் முந்தாதேங்கோ எண்டுறன். நீங்கள் ஒரு கால்மணித்தியாலம் பிந்தினா ஒண்டும் குடிமுழுகாது."

அவர் சொன்னதில் பிழை இருக்கவில்லை. அதை அன்றே ஒத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் அவருக்குப் பின்னால் ஊர்ந்தேன். இரண்டு தடவை படகு போய்விட்டது. நெடுந்தீவுச் சனம் துறையில் வெயிலுக்குள் நின்று என்னைத்தான் பேசியது. பஸ்ஸுக்குள் பகிடி வேறு. "குலசிங்கம் அண்ணை, ரீச்சருக்குப் பின்னால சாமி ஊர்வலமோ? மேளத்துக்குச் சொல்லியிட்டீங்களோ?" என்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வந்தது. ஆனால் கோபத்தில் செய்யவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

என் மகள் நிருஜாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. ரீச்சரென்றால் அவளுக்கு உயிர். ஆனி மாதத்தில் ஒருநாள் வரிசையின் கடைசிச் சைக்கிளில் அவளைக் கண்டேன். அதுவரை என் பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தவள். காற்று அவளுடைய வெள்ளைச் சட்டையை ஒருபக்கமாக ஊதிப் பிடித்திருந்தது. வலப்பக்கம் சாய்ந்துதான் மிதித்தாள். ஹோர்ன் அடித்தேன். திரும்பி, யார் என்று கண்டு சிரித்துவிட்டு மிதித்தாள்.

வீட்டில் அவளை இருத்திச் சொன்னேன். "பிள்ளை, ஹோர்ன் கேட்டா இறங்கு. எல்லா றைவரும் உன்ர அப்பா இல்லை."

"ரீச்சர் இறங்கேல்லையே அப்பா."

எதைச் சொன்னாலும் அந்த ஒரு பதில்தான். என்னை நம்பி வரிசை போகலாம். நாளைக்குப் பட்டணத்திலிருந்து கல் ஏற்றிக்கொண்டு ஒரு லொறி வரும். அவனுக்குக் கச்சானும் தெரியாது, வைரவரும் தெரியாது. கடைசிச் சைக்கிளைத்தான் முதலில் முந்துவான். ரீச்சர் இறங்கினால் பிள்ளைகள் இறங்குவார்கள். ரீச்சர் இறங்குவதென்றால் அவர் ஒருதரம் விழவேண்டும். முழங்கால் உரசவேண்டும், பிள்ளைகளுக்கு அந்தக் கதை போகவேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் சின்ன விலைதான். ஐயா, உங்களுக்கும் பெண்பிள்ளைகள் உண்டு.

ஆடி முதல் வெள்ளி. நிருஜா காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் கோட்டமட்ட விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தார்கள். ரீச்சர் தனியாக வருவார் என்று எனக்கு முதல்நாளே தெரியும். பிள்ளைகள் இல்லாத நாளாகப் பார்த்தேன் என்பதை என் பக்கத்து நியாயமாகச் சொல்கிறேன்.

வைரவரடியில் நிறுத்தினேன். கிறிஸ்ரி கற்பூரப் பெட்டியை எடுத்தான்.

"நீர் இரும். இண்டைக்கு நான் போறன்" என்றேன்.

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். இத்தனை வருடத்தில் நான் இறங்கியதில்லை. சிவப்புத் துணி கிழக்குப் பார்த்து விறைத்து நின்றது. கற்பூரம் பற்றவில்லை. மூன்று குச்சி அணைந்தது. திருநீறு மட்டும் பூசிக்கொண்டு, பஸ்ஸின் இடப்பக்கமாகச் சுற்றி வந்து ஏறினேன்.

பாலத்தின் நடுவில் அவரைப் பிடித்தேன். இரண்டு ஹோர்ன் முறைப்படி அடித்தேன். அவர் இடக்கையை உயர்த்தினார். எதிரே ஒரு வாகனமும் இல்லை. நான் வலப்பக்கமாக எடுத்தேன். இடைவெளி தாராளமாக விட்டேன். அவர் கையை நீட்டினாலும் பஸ்ஸில் பட்டிருக்காது. மெதுவாகவே முந்தினேன். வேகமாக முந்தினால் காற்று மறைபடும் நேரம் குறைவு.

மணி ஒருதரம் அடித்தது. அவர் அடிக்கவில்லை. சைக்கிள் விழும்போது தானாக அடித்தது. பிறகு பஸ்ஸின் பின்சில்லு சற்று எழும்பி இறங்கியது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் தார் பெயர்ந்த கிடங்கு என்று நினைத்தார்கள். அந்தப் பாலத்தில் கிடங்குக்குக் குறைவில்லை.

மரண விசாரணையில் எல்லாரும் எனக்குச் சார்பாகவே சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார்கள். ஹோர்ன் அடித்தார், விலத்தி எடுத்தார், மெல்லமாகப் போனார். சில்லுத் தடத்தை அளந்தார்கள், அதுவும் சரியாக இருந்தது. விழுந்ததை ஏன் காணவில்லை என்று கேட்டபோது, இடப்பக்கக் கண்ணாடி மடங்கியிருந்தது, பஸ் நிலையத்தில் யாரோ இடித்திருக்கவேண்டும், நான் கவனிக்கவில்லை என்றேன். கிறிஸ்ரி தலையைக் குனிந்தபடி, தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். காற்றினால் நிலைதடுமாறி விழுந்தமையால் ஏற்பட்ட மரணம் என்று எழுதினார்கள். அதுவும் உண்மைதான். இரண்டு கிழமையில் கிறிஸ்ரி வேலையை விட்டுவிட்டான்.

அதற்குப்பின் பாலத்தில் சைக்கிள்கள் ஒரு ஹோர்னுக்கே இறங்கின. உங்களுக்கு முந்திய அதிபர் என்னைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குப் பேசச் சொன்னார். விபத்தால் மனம் உடைந்த மனுசன், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல இவரைவிட யார் என்றார். ஆறு வருடமாக ஒவ்வொரு ஆடியிலும் ரீச்சருடைய படத்துக்குக் கீழே நின்று, பக்கக்காற்றில் பஸ் வந்தால் இறங்குங்கள் என்று சொல்லிவருகிறேன். ஆறு வருடத்தில் ஒரு பிள்ளையும் விழவில்லை. கணக்கு எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

ஆனால் என்னால் காற்றில்லாத இடத்தில் இருக்க ஏலாமல் போய்விட்டது.

காற்று அடிக்கும்போது ஒன்றுமில்லை. அது நிற்கும்போதுதான் மணி கேட்கும். ஒருதரம்தான், அன்றுபோலவே. பாலத்தில் காற்று ஒரு மூச்சு விட்டுப் பிடித்தாலும் நான் பிறேக்கை மிதித்துவிடுவேன். இறங்கிப் பின்சில்லுக்குக் கீழே குனிந்து பார்ப்பேன். அண்ணைக்கு அந்த இடத்தில் இன்னும் பயம், பாவம், என்று சனம் பொறுத்துக்கொள்ளும். வீட்டில் மேசை மின்விசிறி இரவும் பகலும் ஓடவேண்டும். மின்சாரம் நின்றால் பனையோலை விசிறியை எடுத்து என் முகத்துக்கு நானே வீசிக்கொண்டிருப்பேன். கை உளைந்து நிறுத்தினால் கேட்கும். சாப்பிடும்போது, சுவாமிப் படத்துக்கு முன்னால் நிற்கும்போது, உங்கள் மண்டபத்தில் பிள்ளைகள் கைதட்டி ஓய்ந்த கையோடு. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. அதை மறைக்க இனி ஏலாது.

நான்தான் செய்தேன். விழுத்தவேண்டும் என்று நினைத்தே விழுத்தினேன். சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. உரசல் காயத்தோடு அவர் எழும்பி என்னை நாலு பேச்சுப் பேசுவார் என்றுதான் நினைத்தேன். காற்றின் கணக்கில் சற்றுப் பிசகிவிட்டது. எந்த நீதிமன்றத்திலும் இதையே சொல்வேன்.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தேன். அனுப்புமுன் நிருஜாவுக்கு வாசித்துக்காட்டுவது முறை என்று தோன்றியது. அவளுக்கு இப்போது பத்தொன்பது. அந்த ஆடிக்குப்பின் அவள் சைக்கிளில் ஏறவுமில்லை, என் பஸ்ஸில் ஏறவுமில்லை. ஏனென்று நான் கேட்டதில்லை. அவளைக் குசினியிலிருந்து கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு முழுவதையும் வாசித்தேன். அழுவாள் என்று நினைத்தேன். மாவு ஒட்டிய கையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வைரவரடியில கண்ணாடிய மடக்கினதை எழுதேல்லை" என்றாள்.

நான் கடதாசியைப் புரட்டி அந்த இடத்தைத் தேடினேன்.

"கிறிஸ்ரி மாமா எனக்கு அப்பவே சொல்லிப்போட்டார். நீங்கள் இடப்பக்கத்தால சுத்தி வந்து, கையால மடக்கிப்போட்டு ஏறினீங்களாம்."

ஆறு வருடமாக இதைத் தெரிந்துகொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"முழங்கால் உரசுறதைப் பாக்க ஏலாமலோ அப்பா கண்ணாடிய மடக்கினீங்கள்?"

"பாலத்தில அது ஆடும் பிள்ளை" என்றேன். "காத்துக்குத்தான் மடக்கினனான்."

அவள் எழுந்தாள். போகிற வழியில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனாள்.