தாலியோடு நஷ்டஈடு கேட்டவள்

ஓடுகிறேன். இடுப்பில் மகள். கையில் கஞ்சித் தூக்கு. அதை எதற்கு இன்னும் பிடித்திருக்கிறேன் என்று தெரியவில்லை. ரங்கூன் துறைமுகம். 1941 டிசம்பர் 23. காலை பத்து மணி வாக்கில் சங்கு ஊதியது. ஊதி முடிவதற்குள் விமானம் தலைக்கு மேல் வந்துவிட்டது.

முதலில் உய்ங்ங் என்று ஒரு இரைச்சல். பிறகு தரை குலுங்குகிறது. வெடிச்சத்தம் அதற்கப்புறம்தான் காதில் விழுகிறது.

"குப்புறப் படு தாயி! எந்திரிக்காத!" யாரோ ஒரு கூலிக்காரர் கத்துகிறார். படுத்தேன். மகளை அடியில் போட்டுக்கொண்டேன்.

தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். என் புருஷன் இறங்கிய கப்பல் எரிகிறது. அரிசி மூட்டை அடுக்க அவரும் ஒன்பது பேரும் அடித்தட்டுக்குப் போனார்கள். போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். ஏறி வந்ததைப் பார்க்கவில்லை. கரையிலேயே கிடந்து தேடினேன். உடம்பு கிடைக்கவில்லை. ஒரு கந்தல் துணிகூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் ஊரைப் பார்த்து நடை. காடு, மலை. வழியெல்லாம் காலரா. ஒரு ஓடைக்கரையில் மகளும் போனாள். கையால்தான் தோண்டினேன்.

எங்கள் ஊர் பேரையூர் வந்து சேர்ந்தேன். மகனை மாமியாரிடம் விட்டுவிட்டுத்தான் கப்பலேறியிருந்தோம். மாமியார் முதலில் என் கழுத்தைப் பார்த்தார். தாலி இருந்தது.

"அப்ப எம் மகன் இருக்கான்" என்றார்.

எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை.

அந்த வருஷம் மழை இல்லை. கம்பங்கூழ் ஒரு வேளை. அதுவும் மகனுக்குத்தான். துறைமுகத்தில் செத்தவர் வீட்டுக்குக் கப்பல் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கிறது என்று பரவைச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். மதுரையில் கம்பெனி ஏஜெண்டு ஆபீசுக்குப் போனேன். புருஷன் பேர் கேட்டார்கள். பெருமாள் என்றேன். அதுவரை என் வாயால் அந்தப் பேரைச் சொன்னதில்லை.

குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏம்மா, கழுத்துல தாலியோட வந்து புருஷன் செத்தான்னு காசு கேக்குற? கருமாதி முடிச்சு ஊர் முன்சீப்புகிட்ட எழுதி வாங்கிட்டு வா."

பாவி. அவன் வயிறு நிறைந்திருந்தது. பேசினான்.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கம் வைக்கோலில் ஆள் செய்து, செத்தவர் கட்டிய வேட்டியைச் சுற்றி எரிப்பார்கள். அதற்கப்புறம்தான் தாலியை இறக்குவார்கள். அவருடைய கல்யாண வேட்டி மாமியாரின் தகரப் பெட்டியில் இருந்தது. மாமியார் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எம் மகனுக்கு எம்புட்டுக் குடுக்கறாகளாம்? உசுரோட இருக்கறவனுக்கு நான் கொள்ளி வைக்க மாட்டேன், போ!"

"அப்ப அந்த வேட்டியவே காய்ச்சிக் குடிங்க அத்தை!" என்று நானும் கத்தினேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம். அவ்வளவு பசி.

ஒரு வாரம் போயிருக்கும். மகன் கிணற்றடியில் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தேன். மாமியார் எழுந்தார். பெட்டியைத் திறந்தார். வேட்டியை என் கையில் வைத்தார்.

"எரிச்சுரு தாயி. பயலாவது பொழைக்கட்டும்."

எரித்தோம். தாலி இறங்கியது. ரங்கூனில் வராத அழுகை அன்றுதான் வந்தது. அழுதேன், ஊரே கூடிவிட்டது.

முன்சீப் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி மதுரை. குமாஸ்தா உள்ளே போய் வந்தான்.

"செத்தது சரிதாம்மா. ஆனா குண்டு விழுந்துல்ல செத்துருக்காரு. மூட்டை விழுந்து செத்திருந்தா கம்பெனி குடுக்கும். சண்டைக்குக் கம்பெனி என்ன பண்ணும்?"

"இத அன்னைக்கே சொல்லக் கூடாதா சாமி?"

"அன்னைக்கு அவரு செத்ததே ஆபீசுக்குத் தெரியாதேம்மா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போனதை எண்ணிச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு எவனும் இல்லையென்று சொல்லக் கூடாது. என் புருஷன் பெருமாள். அவரோடு கப்பலுக்குள் இறங்கிய ஒன்பது பேர். மகள், இரண்டு வயது. வேட்டி ஒன்று. தாலி ஒன்று. அவர் வருவார் என்று காத்திருந்தவர்கள் இரண்டு பேர்.