பச்சைக் கொடி நாட்கள்

டீ நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. என் வேலையைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பதே பெரிய விஷயம். என் மனைவிகூட இதுவரை கேட்டதில்லை.

எங்கள் ஊர் வளைகுடாத் தண்ணீரில் கிருமி எவ்வளவு என்று சோதனைக்கூடம் சொல்வதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். குளிக்க வருகிறவர்கள் அதுவரை கரையில் தேவுடு காப்பார்களா? அதனால் மழை, காற்று, அலை எல்லாவற்றையும் கணினியில் போட்டு, விடிந்ததும் கணித்துச் சொல்ல ஒரு மாடல் செய்தேன். பச்சை என்றால் கடற்கரையில் பச்சைக் கொடி, சிவப்பு என்றால் சிவப்பு. வெளியூர்க்காரர்களெல்லாம் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

படகில் போய்த் தண்ணீர் எடுத்து வருவது என் மைத்துனன். தங்கமானவன், ஆனால் தொணதொணப்பு. மழை பெய்தால் சாக்கடை வாய்க்கால் பக்கம் அவன் எடுக்கும் தண்ணீரில் கிருமி எக்கச்சக்கம். அந்த அளவுகள் வரைபடத்தில் மாடல் போட்ட கோட்டோடு ஒட்டாமல் எங்கோ உயரத்தில் நின்றன. ஒட்டாத அளவைப் பிழை என்று ஒதுக்குவது எங்கள் தொழிலில் உண்டு. ஒதுக்கினேன்.

"மச்சான், பாட்டிலைக் கழுவுறதும் நான், தண்ணி எடுக்கிறதும் நான். இதுல பிழை எங்கேருந்து வரும்?" என்றான்.

"நீ சரியாத்தான் எடுக்கிறே. மாடலுக்குத்தான் உன்னைப் பிடிக்கலை" என்றேன். சிரித்துவிட்டான். என்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மழைநாள் அளவுகளை ஒதுக்க ஒதுக்க, மாடலுக்கு மழை என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்று. கொட்டித் தீர்த்த மறுநாளும் பச்சைதான். இது எனக்குத் தெரியும். தெரியாது என்றால் பொய்.

அப்படியொரு நாளில் மைத்துனன் போன் செய்தான். "தண்ணி கலங்கலா இருக்கே மச்சான். வாலு குளிச்சே தீருவேன்னு நிக்கிறா." வாலு அவனுடைய ஒரே மகள். சைக்கிளில் விழுந்து முழங்காலில் காயம் வேறு.

"பச்சைதானே வந்திருக்கு, கூட்டிட்டுப் போ" என்றேன்.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் தூக்கிப்போட்டது. மருத்துவமனையிலிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார். "கடல் தண்ணில கிருமி இருந்துச்சா சார்? இருந்தா மருந்தை உடனே மாத்தணும்" என்றார். சோதனைக்கூட முடிவு அப்போது என் கண்முன்தான் இருந்தது. அப்படியொரு அளவை நான் பார்த்ததே இல்லை.

"தண்ணி சுத்தம்மா, வேற காரணம் பாருங்க" என்றேன். பார்த்தார்கள். அதற்குள் காரியம் மிஞ்சிப் பிள்ளை போய்விட்டாள்.

ஏன் என்றுதானே கேட்கிறீர்கள்? உண்மையைச் சொல்லியிருந்தால் வாலு பிழைத்திருப்பாள். மாடலை நிறுத்தியிருப்பார்கள். நானும் அழுதேன் மேடம். என் தோளில் ஏறி விளையாடியவள் அவள். மைத்துனன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது தாங்கவே முடியவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இந்த வரைபடத்தையும் கோப்பில் சேருங்கள். அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள், கோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது.