இனிஷியலுக்குப் பின் ஓர் இடைவெளி

எங்கள் பக்கத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து இல்லாமல் யாரும் தன் பெயரை எழுதுவதில்லை, சார். சிலர் புள்ளி வைப்பார்கள், சிலர் கொஞ்சம் இடம் விடுவார்கள். படிக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கம்ப்யூட்டருக்கு அப்படியில்லை. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஷெல் ஸ்கிரிப்ட் என்று, தானாக ஓடும் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். ரிசல்ட் ஆபத்தாக இருந்தால் மட்டும் நோயாளிக்கும் டாக்டருக்கும் அது மெசேஜ் அனுப்பும். ஒவ்வொரு ரிசல்ட்டும் நோயாளியின் பெயரில் ஒரு ஃபைல். பெயரின் நடுவில் இடம் இருந்தால் ஸ்கிரிப்ட் அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு ஃபைல்கள் என்று நினைத்துத் தேடும். இரண்டும் கிடைக்காது. சத்தமில்லாமல் அடுத்த பெயருக்குப் போய்விடும். ஸ்கிரிப்ட்டில் பெயர் வரும் இடத்தை மேற்கோள் குறிக்குள் வைத்திருந்தால் பிரியாது. சோம்பலில் வைக்கவில்லை. கவுன்ட்டரில் இருக்கும் பூஜாவிடம், "புள்ளி வெச்சு ஒட்டி அடிம்மா, எடம் உடாத" என்று சொல்லியிருந்தேன். அவள் ஒருநாளும் தவறியதில்லை.

என் அண்ணன் ராஜமாணிக்கம் நல்லவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா காசி செத்துப்போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர். பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்தபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "போய்ட்டு வாடா" என்றார். அன்றிலிருந்து சாப்பிடவில்லை. நான் போகவில்லை. சென்னையில் கிடைத்தபோதும் அதே கதைதான். எனக்கு மூச்சு முட்டியது. பௌர்ணமிக்கு வெளியூர் ஜனமெல்லாம் மலையைச் சுற்றிவிட்டு பஸ் ஏறிப் போகும். அவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்பதால் அடிக்கடி பரிசோதனை உண்டு. கடைசி முறை வந்தபோது பூஜா சாப்பிடப் போயிருந்தாள். பெயரை நான்தான் அடித்தேன். 'கா' அடித்து, இடம் விட்டு, 'ராஜமாணிக்கம்'.

சாயங்காலம் வீட்டில் போனைக் கையிலேயே வைத்திருந்தார். "மெசேஜ் ஒண்ணும் வர்லியேடா வளவா."

"வர்லன்னா நல்லாருக்குதுன்னு அர்த்தம்ணா."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. இளநீரில் பொட்டாசியம் ஜாஸ்தி என்று டாக்டர் தடை போட்டிருந்தார். ஆனால் மெசேஜ் வராத நாளில் ஒன்று குடிக்கலாம் என்று அண்ணன் தனக்குத்தானே ஒரு சலுகை வைத்திருந்தார். நானே வெட்டிக் கொடுத்தேன். ருசித்துக் குடித்தார். விடிவதற்குள் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் கோளாறு என்று எல்லோரும் நம்பினார்கள். நான் மறுநாளே மேற்கோள் குறிகளைப் போட்டுவிட்டேன். வேறு யாருக்கும் இப்படி ஆகக்கூடாது அல்லவா.

காரியம் முடிந்ததும் நான் துணிமணி எடுத்து வைப்பதை அண்ணி மணிமொழி பார்த்துவிட்டார். "நீயும் பூட்டா இந்தப் புள்ளைங்களுக்கு யாருப்பா?" என்று அழுதார். அண்ணன் இடத்தில் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார். நான் சாப்பிடும்வரை அவர் சாப்பிடவில்லை.

அந்த ரிசல்ட்டை அன்று மதியமே நான் திரையில் பார்த்தேன், சார். அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார். அதற்கு முன்பும் பூஜா இல்லாத நேரங்களில் அவர் பெயரை இடம் விட்டுத்தான் அடித்திருக்கிறேன். அப்போதெல்லாம் ரிசல்ட் நன்றாக வந்து கெடுத்துவிட்டது. அண்ணனைக் கொன்றது நான்தான். அண்ணியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

என்னை வேலூர் ஜெயிலில் வைப்பீர்களா, சார்? இன்னும் தூரமாக இருந்தால் நல்லது.