பட்டறைக் காதுகள்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் மடியில் ஒரு நோட்டு, அதன் மேல் ஒரு இசைக்கவை, தட்டினால் ஒலிக்கும் இரட்டைமுனைக் கம்பி.

"நான் தட்டவே இல்லைடி. ஆனா கேக்கறதுங்கறா" என்றாள் அவள். அதிலிருந்து கவனித்தேன்.

"யாரு?" என்றாள் மற்றவள்.

"அரியமங்கலத்துல பாய்லர் தகடு அடிக்கற பட்டறை. நாப்பது பேர். என் ஆனர்ஸ் ஆராய்ச்சிக்கு அவா காதைச் சோதிக்கணும். கண்ணை மூடிண்டு, சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கோன்னேன். தூக்கின கையை ஒருத்தரும் இறக்கலை."

"அவ்வளவு நல்ல காதா?"

"பயம்டி. காது போயிடுத்துன்னு தெரிஞ்சா வேலை போயிடும். நான் பேர் எழுதறதைப் பாத்துண்டே இருந்தா. முதலாளி வேற அந்த லிஸ்ட்ல ஒரு காப்பி கேட்டிருந்தார்."

"அப்புறம்?"

"பேர் எழுதின பக்கத்தைக் கிழிச்சு, அவா கண் முன்னாடியே உலைல போட்டேன். வெறும் நம்பர் போட்டு மறுபடியும் ஆரம்பிச்சேன்."

"இப்போ எத்தனை பேருக்குக் கேக்கறது?"

"ஒம்பது பேருக்கு."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

"முதலாளி கேட்டாரே, என்னடி பண்ணினே?"

"லிஸ்ட் இல்லைன்னு சொன்னேன். காதுக்குப் பின்னால கையை வெச்சுண்டு 'என்னம்மா?'ன்னார். மூணு தடவை சொல்லிப் பாத்தேன்."

"அப்புறம்?"

"உக்காருங்கோன்னேன். நாப்பத்தோராம் நம்பர் அவர்தான்."