நூற்றுப்பதினேழின் தண்ணீர்க் கண்ணாடி

சயா, விசாரணை அதிகாரியான நீங்கள் கொடுத்த டீ நன்றாக இருக்கிறது. இனிப்புதான் கொஞ்சம் தூக்கல். அது உங்கள் தப்பில்லை, யாங்கோன் முழுக்க அப்படித்தான் போடுகிறார்கள். பர்மிய மொழியில் நான் சாமான் வாங்குவேன், சண்டை போடுவேன், எழுத மட்டும் வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். தின்கன்ஜூனில் இருக்கும் தமிழ் வாத்தியார் மொழிபெயர்த்துக் கொடுப்பார் என்றீர்கள். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

என் பெயர் சபாபதி. வயது ஐம்பத்தெட்டு. நூற்றுப்பதினேழாம் நம்பர் நீராவி இஞ்சின் இருபது வருஷத்துக்கு மேல் என் கையில் இருந்தது. 1988இல் ஊர் கொந்தளித்தபோது ஷெட்டை இழுத்துப் பூட்டிவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். திரும்பி வந்தவன் நான் ஒருவன்தான். அப்புறம் எங்கும் டீசல் வந்துவிட்டது, அதை யாரும் சீண்டவில்லை. லாரிக்காரர்களிடம் கழிவு எண்ணெய் கெஞ்சி வாங்கிச் சக்கரத் தண்டுகளுக்குப் பூசினேன். மழைக்காலம் வந்தால் புகைபோக்கியின் மேல் தகரம் கவிழ்ப்பேன். பழைய இரும்புக்கு வெட்ட ஆள் வந்த இரண்டு தடவையும் தண்டவாளத்தில் குறுக்கே படுத்தேன். என் மனைவி காளியம்மா, "உங்களுக்கு ரெண்டு பொண்டாட்டி, மூத்தவ அவதான்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

2006இல் ஒரு சுற்றுலாக் கம்பெனி வந்தது. பழைய அரிசி ஆலைகளுக்குப் போகும் எட்டு மைல் ரயில் கிளைப்பாதையை எடுத்துக்கொண்டார்கள். அதில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிப்போக நீராவி இஞ்சின் வேண்டுமாம். பாய்லரைச் சோதித்தவர்கள் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இனி நான்தான் ஓட்டுவேன் என்று நினைத்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாமா என்று முறை வைத்தே பேசினார். "ஊலே, வெளிநாட்டுக்காரங்க ஃபோட்டோ எடுப்பாங்க. உங்க பல்லு பூரா வெத்தலக் கறை. ஃபயர்மேனா இருந்து பாத்துக்குங்க" என்றார். ஓட்டுநர் இடத்தில் பொன்னுத்துரையை உட்கார வைத்தார். பொன்னுத்துரை காளியம்மாவின் கூடப் பிறந்த தம்பி. டீசல் ஓட்டிக்கொண்டிருந்தவன். நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவான், ஆளும் எடுப்பாக இருப்பான். அவனுக்கு வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் தைத்துக் கொடுத்தார்கள்.

"மச்சான், நீங்க கூட இருக்கிற தைரியத்துலதான் ஒத்துக்கிட்டேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தண்ணீர்க் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவேண்டும். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் ஓட்டுநர் முகத்துக்கு நேரே இருக்கும். கண்ணாடியை வெறுமனே பார்த்தால் போதாது. அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து, தண்ணீர் வடிந்து மறுபடி சரசரவென்று ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். ஏறவில்லையென்றால் கண்ணாடி பொய் சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி புறப்படுமுன் ஓட்டுநர், "தண்ணி இருக்கா?" என்பார். ஃபயர்மேன் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி இருக்கு" என்று உரக்கச் சொல்வான். கூட வேலை செய்த பர்மாக்காரர்களும் அதைத் தமிழில்தான் சொல்வார்கள்.

குழாயைத் திறந்தால் எண்ணெய்த் தண்ணீர் தெறிக்கும். வெள்ளைக் கால்சட்டை பாழாகும். அதனால் பொன்னுத்துரை ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை, நான்தான் திறப்பேன். மூன்று வருஷம் அப்படி ஓடியது. பிறகு மேனேஜர் என்னை ஷெட்டுக்குள் அனுப்பிவிட்டு, அய்யூப் என்ற டீசல் ஆளை ஃபயர்மேனாக்கி அவனுக்கும் ஒரு வெள்ளை உடுப்புத் தைத்தார். அதன்பிறகு பொன்னுத்துரை "தண்ணி இருக்கா?" என்பான். அய்யூப் கண்ணாடியைப் பார்த்து "தண்ணி இருக்கு" என்பான். குழாயை யாரும் திறப்பதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் அதைக் கேட்டுக் கைதட்டுவார்கள்.

குழாயைத் திறந்து பார் என்று பொன்னுத்துரையிடம் இரண்டு தடவை சொன்னேன். "சரி மச்சான்" என்றான். மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை.

போன நவம்பரில் பாய்லரைக் கழுவ இஞ்சினைக் குளிரவிட்டிருந்தோம். இரண்டு கண்ணாடிகளின் கீழ்த்துளையிலும் கல்நார்க் கயிற்றைத் திணித்தேன். இனி உள்ளே தண்ணீர் வற்றினாலும், மேலிருந்து வரும் நீராவி குளிர்ந்து தேங்கிக் கண்ணாடி நிறைந்தே இருக்கும். ஒரே ஒரு தடவை குழாயைத் திறந்தால் தெரிந்துவிடும். திறந்தால் பிழைத்துக்கொள்வான் என்று விட்டேன். நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன்.

வெளிநாட்டுக்காரர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. அதனால் அவர்கள் வராத செவ்வாய்க்கிழமைக்கு முதல் நாளாகப் பார்த்துச் செய்தேன். செவ்வாயன்று பாதையின் கோடியில் நிற்கும் பெட்டிகளை இழுத்துவர இஞ்சின் தனியாகப் போகும்.

அவனை மேனேஜர் முன்னால் தலைகுனிய வைக்க மட்டும் நினைத்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் ஊற்றிய திருகாணி ஒன்று உண்டு. தண்ணீர் வற்றினால் ஈயம் உருகி, நீராவி சீறி, ஓட்டுநரை எச்சரிக்கும். அவமானம் மட்டும் போதுமென்றால் அதை விட்டு வைத்திருப்பேன். அதைக் கழற்றி, முழுப் பித்தளையில் கடைந்த ஒன்றை மாட்டினேன். கடைய ஒரு மதியம் பிடித்தது.

கண்ணாடியை நம்பி அவர்கள் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றவில்லை; ஐந்தாவது மைலில் நெருப்புப் பெட்டியின் கூரை உள்வாங்கியது. நீராவி முழுவதும் அவர்கள் நின்ற பக்கம் வந்தது. அய்யூப் அங்கேயே போய்விட்டான். அவனைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை. அவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள் என்று பிறகு சொன்னார்கள். பொன்னுத்துரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். அக்காளிடம் அவன் கடைசியாகப் பேசியது, "மச்சான்கிட்ட சொல்லு, கண்ணாடியில தண்ணி இருந்துச்சு."

உங்கள் விசாரணை அறிக்கை போன வாரம் வந்தது. நசுங்கிய கூரையில் அந்தப் பித்தளையை யாரும் தேடவில்லை. 'பாய்லர் பழையது, உலோகம் தளர்ந்திருந்தது, பராமரிப்புப் போதாது' என்று எழுதிவிட்டீர்கள். சயா, இரண்டு சாவுக்கும் போய்வந்தேன், எனக்குத் தூக்கம் கெடவில்லை. அந்த மூன்று வரியைக் கேட்ட பிறகு கண் மூடவில்லை. இருபது வருஷம் நான் துடைத்த பாய்லரைப் பழையது என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

நேற்று மதியம் காளியம்மா சோறு போட்டுக்கொண்டே எனக்கு ஆறுதல் சொன்னாள். "விடுங்க. ரொம்பப் பழைய பாய்லர். நல்லவேளை நீங்க அதுல இல்ல."

தட்டைத் தள்ளி வைத்தேன். அந்தப் பாய்லரில் ஒரு குறையும் கிடையாது என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். கயிறு, திருகாணி, செவ்வாய்க்கிழமை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உன் தம்பியை நான்தான் கொன்றேன், பாய்லர் கொல்லவில்லை என்று விளங்கும்படி சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். தம்பி பெயரைச் சொன்னாள், அய்யூப் பெயரையும் சொன்னாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல் தாகேதாவில் இருக்கும் தம்பி பெண்டாட்டி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள்.

பாய்லரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.