குருமாப் பொடியில் இல்லாத கசகசா

திண்டிவனத்தில் விழுப்புரம் பேருந்து ஏறி, என் முன் இருக்கையில் அமர்ந்த அம்மாள் கூட வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார்:

"என் மருமவ சோம்பேறியா இருந்ததாலதான் எம்புள்ள ஜெயிலுக்குப் போவல."

"இன்னாக்கா சொல்றீங்க?"

"துபாய் போறவனுக்குக் கசகசா வறுத்துப் போட்டு குருமாப் பொடி அரைச்சிக் குடுன்னேன். அங்க கசகசா போதை மருந்தாம்டி! ஏர்போர்ட்ல பொடியப் பிரிச்சதும் இவனுக்கு உசுரே இல்ல. சோதிச்சிப் பார்த்துட்டு, ஒண்ணுமில்லன்னு வுட்டுட்டாங்க. போன் வந்தப்புறம்தான் இவ சொல்றா, வறுக்கச் சோம்பலா இருந்திச்சாம், போடவே இல்லியாம்."

தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலை நம்மவர்கள் விமானம் இறங்கிய பிறகுதான் படிக்கிறார்கள்.

"அல்லாதான் காப்பாத்துனான். மருமவள மெச்சிக்கினீங்களா?"

"மெச்சுறதா? இனிமே எந்த வாயாலடி அவள சோம்பேறின்னு திட்டுவேன்?"